காட்டுப்பேச்சியின் அடியில் பொறித்த பெயர்

பங்குனித் திங்களின் உச்சிவெயில் சற்றே தணிந்து, மேற்கே குருமலையின் முகட்டை நோக்கிக் கதிரவன் இறங்கத் தலைப்பட்ட பொழுது அது. கோவிற்பட்டிக்குக் கிழக்கே விளாத்திகுளம் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும், கண் சென்று எட்டும் தொலைவெல்லாம், மழைக்காலத்துப் பசுமையை முற்றும் இழந்த கரிசல் நிலம், நெடுநாள் காய்ச்சலில் கிடந்தோன் உதடுபோல் வெடித்து வெடித்துக் கிடந்தது. பறிப்பு ஓய்ந்த பருத்திச் செடிகள் கருகிய மிலாறுகளாய் நிற்க, அவற்றின் நுனியில் எஞ்சிய பஞ்சுத் துணுக்குகள் காற்றில் நடுங்க, களங்கள்தோறும் காயவைத்த மிளகாய்ப் பழம், கருநிலத்தின்மேல் யாரோ குருதியைக் கொட்டிப் பரப்பியதுபோல் சிவந்து விரிந்திருந்தது. தென்திசையில் காற்றாலைகள் வெள்ளைக் கைகளை வீசிச் சுழன்றன. பேருந்தின் பலகணி வழியே இந்நிலத்தைக் கண்டு செல்லும் அன்பர், இங்கே ஓசையும் இல்லை, பகையும் இல்லை என்றே எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை என்பதை அறிந்தவர்கள், சாலையினின்று வடக்கே பிரியும் வண்டித்தடத்தில் ஓர் ஓடையின் இருபுறத்தும் அமைந்த இரண்டு சிற்றூர்களிலே வாழ்கின்றார்கள்.

ஓடைக்குத் தென்கரையில் இருப்பது பொன்னங்கரிசல். பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைவித்து, நிலத்தின் பெயராலேயே தம் பெருமையை அளந்துகொள்ளும் உழுகுடிகள் வாழும் ஊர். வடகரையில் இருப்பது ஈச்சங்கிடை. ஆட்டுநிரையே செல்வமாய், அறுவடை முடிந்த நிலங்களில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை மறித்து, அவை இடும் எருவுக்கு ஈடாகத் தவசம் பெற்று வாழ்ந்த இடையர்களின் ஊர். உழுவோனுக்கு எருவும் மேய்ப்போனுக்கு மேய்ச்சலும் வேண்டியிருந்தமையால், இரண்டு ஊரும் ஓருடம்பின் இரு கைகள்போல் பல தலைமுறை கழித்தன. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாசி மாதத்திலே, ஈச்சங்கிடை ஆடுகள் வேலி தாண்டிப் பொன்னங்கரிசல் கருத்தையாவின் மிளகாய்த் தோட்டத்தை மேய்ந்துவிட்டன. அன்றோடு அந்த உடம்பு இரண்டாய்ப் பிளந்தது.

கருத்தையா அப்போது நாற்பது அகவை நிரம்பாத முரட்டு ஆண்மகன். ஊரில் அவன் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அழிந்த தோட்டத்தை நடந்து பார்த்தவன், மறுநாள் பொழுது சாயுமுன் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தான். கிடை முள்வேலியோடு எரிந்தது. உள்ளே அடைபட்ட அறுபது ஆடுகள் குழந்தைகள் கதறுவதுபோல் கதறிக் கரிந்தன. ஊரின் வடகோடியில், ஓங்கிய உடைமரங்களின் நடுவே, காட்டுப்பேச்சி என்னும் பெண்தெய்வம் இடுப்பளவு உயரமுள்ள கருங்கல் உருவாய் நின்றிருந்தாள். அவளைப் பெயர்க்க வந்தவர்களை இசக்கிபாண்டி என்னும் இளைஞன் ஒருவனே தடுத்தான். கையில் கோலும் இன்றி, கல்லை இரு கைகளாலும் தழுவிக்கொண்டு அவன் நின்றான். தழுவிய கைகளை அவன் விடவில்லை; அவர்கள் வெட்டுவதையும் விடவில்லை. ஏழு வெட்டுகள் விழுந்த பின்னரே அக்கைகள் தாமாக நெகிழ்ந்தன. குருதி வடியும் பேச்சியைக் கயிற்றால் பிணித்து டிராக்டர் என்னும் உழவுந்தில் ஏற்றிக் கொண்டுபோய், கருத்தையா தன் பருத்திக் கிட்டங்கியின் இருண்ட மூலையிலே கிடத்தினான். வழக்கு நடந்தது, கண்டவர்கள் காணவில்லை என்றார்கள், கருத்தையா வெளியே வந்தான். அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் அப்பக்கத்தில் இருவரும் இப்பக்கத்தில் இருவருமாக நால்வர் மடிந்தனர்.

அந்த மாலைப்பொழுதில் உழவுந்து வந்து நின்றதை வாயிலில் நின்று கண்டவள் கருத்தையாவின் மூத்த மகள் உமாராணி. அவளுக்கு அகவை பன்னிரண்டு. தந்தையின் வேட்டியில் இருந்த குருதிக்கறையைவிட, கட்டுண்டு மல்லாந்து கிடந்த கல்லின் திறந்த விழிகளே அவள் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. கடவுளைக் கவர்ந்து வருவதென்பது எங்கேனும் உண்டா என்று கேட்க அவளுக்கு யாரும் இல்லை. வளர்ந்து, வரலாறு பயின்று, நூலகங்களில் விடை தேடியபோது, இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னே அசீரிய நாட்டை ஆண்ட எசரத்தோன் என்னும் மன்னன் அவள் கைக்கு அகப்பட்டான். தெய்வங்களைச் சிறைபிடிப்பதையே போரின் முடிவாகக் கொண்ட மரபில் வந்தவன் அவன். அவனுடைய ஆட்சியையும் அயலரசர்களோடு அவன் செய்த உடன்பாடுகளையும் ஆய்ந்தே அவள் முனைவர் பட்டம் பெற்றாள். இப்போது முப்பத்துநான்கு அகவையில், கோவிற்பட்டியில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியையாய், தனியே ஒரு சிறு வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

நாம் முதலில் சொன்ன அந்தப் பங்குனிப் பிற்பகலில் அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றவன் அவள் தம்பி பாண்டிராஜ். வெள்ளைச் சட்டையும் விரைந்த பேச்சும் உடையவன். தந்தையின் முரட்டுத்தனத்தைப் புன்னகையால் மூடத் தெரிந்தவன். ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நாள் குறித்தாயிற்று. இரண்டு ஊரும் ஒரே ஊராட்சியைச் சேர்ந்தவை.

“அக்கா, ஒன்னாலதான் ஒரு காரியம் ஆகணும்” என்று அமர்ந்ததும் தொடங்கினான். “ஈச்சங்கிடையில எரநூத்தி நாப்பது ஓட்டு. அது இல்லாம நான் செயிக்க முடியாது. அப்பா பேரச் சொன்னாலே அவிய கதவச் சாத்துதாவ. நீ படிச்சியே ஒரு ராசா, அவனுக்கும் அப்பன் செஞ்சு வச்ச வினைதானே. அவன் எப்பிடிச் சமாளிச்சான்?”

தம்பி தன் கல்வியைப் பற்றிக் கேட்டது வாழ்நாளில் அதுவே முதன்முறை. உமாராணியின் உள்ளம் மழைத்துளி கண்ட மண்போல் இளகியது. அவள் சொன்னாள், ஆசையோடு சொன்னாள். எசரத்தோனின் தந்தை சனகெரிப் பாபிலோன் நகரைத் தகர்த்து, ஆற்றைத் திருப்பி அதன்மேல் பாய்ச்சி, தெய்வங்களைச் சிதைத்ததும், பின்பு தன் சொந்தப் புதல்வர் கையாலேயே வழிபாட்டு வேளையில் வெட்டுண்டு மாய்ந்ததும், உடன்பிறந்தாரை விரட்டி இளையவனாகிய எசரத்தோன் அரியணை ஏறியதும் சொன்னாள். எழுபது ஆண்டு பாழாய்க் கிடக்க வேண்டுமெனத் தெய்வம் விதித்த நகரை, அவ்வெண்ணைத் தலைகீழாய்ப் படித்துப் பதினொன்று என்று பொருள்கொண்டு, அவன் மீண்டும் கட்டத் தொடங்கிய அறிவுநுட்பத்தைச் சொன்னாள். அவனும் குருதிக்கு அஞ்சியவன் அல்லன். எதிர்த்த சீதோன் நகர மன்னனைக் கடலிலிருந்து மீன்போல் பிடித்திழுத்துத் தலை கொய்து, அத்தலையை அவனுடைய பெருமக்கள் கழுத்திலே கட்டித் தொங்கவிட்டு, பாணரும் யாழும் முன்செல்ல நினிவே நகர்த் தெருக்களில் நடத்தியவன். ஆயினும் தந்தை கவர்ந்த அரபு நாட்டுத் தெய்வங்களைக் கேட்டு ஆசகேல் என்னும் அரபு மன்னன் பெரும் பரிசில்களோடு வந்து காலில் விழுந்தபோது, அவற்றைத் திருப்பிக் கொடுத்தான்.

“அதேதான் நீயும் செய்யணும், பாண்டி. பேச்சியத் திருப்பிக் குடு. அத விடப் பெருசா ஒண்ணும் அவியளுக்கு வேண்டாம்.”

பாண்டிராஜ் கன்னத்தைத் தடவினான். “சும்மாவா குடுத்தான், ஒன் ராசா?”

“சும்மா இல்ல. ஒடஞ்சதச் செப்பனிட்டு, அதுமேல தன் சாமியோட வலிமையையும் தன் பேரையும் வெட்டி எழுதித்தான் குடுத்தான். கும்பிடும்போதெல்லாம் குடுத்தவன் பேரும் அவிய கண்ணுல படணும்லா.”

“கெட்டிக்காரன்” என்று சொல்லிப் பாண்டிராஜ் புன்னகைத்தான்.

அந்தப் புன்னகையை உமாராணி கண்டாள். கண்டபோதே அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. அவ்வரபு நாட்டார் பின்னொரு நாள் மீண்டும் எழுந்தனர், அத்தெய்வங்கள் மீண்டும் சிறைப்பட்டன என்று கதையின் மறுபாதியையும் சொல்லியிருக்க வேண்டிய கணம் அது. ஆனால் தம்பி எழுந்து நின்றுவிட்டான். கூட்டம் ஒன்று இருக்கிறது என்றான். அவள் கைகளைப் பற்றி, “நீதான் போய் அவியகிட்டப் பேசணும்” என்றான். தூது செல்லும் பெருமை அவள் நாவைக் கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் காலை அவள் விளாத்திகுளம் பேருந்தில் ஏறி, வண்டித்தட விலக்கில் இறங்கி, அரைக் காதம் நடந்து, தான் பிறந்த ஊரைக் கடந்து, முதன்முறையாக ஓடையின் வடகரையில் கால் வைத்தாள். இசக்கிபாண்டியின் இளவல் சுந்தரபாண்டி இப்போது ஈச்சங்கிடையின் தலைவன். ஆட்டுக்குத் தழையறுக்கும் நீண்ட தொரட்டியைத் தோளில் சாய்த்தபடி அவன் உடைமர நிழலில் நின்றான். சற்று அப்பால், இறந்தவன் மனைவி ராதாமணி, நாற்பத்தைந்து அகவையிலேயே முழுதும் நரைத்த தலையோடு, குட்டி ஒன்றுக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால், சிலையற்ற பீடத்தின்மேல், அன்றைய காலைக்கென்று யாரோ வைத்த அரளிப்பூ வாடிக் கிடந்தது.

“கருத்தையா மக வந்திருக்கா” என்றான் சுந்தரபாண்டி, யாரையும் நோக்காமல். “கையில என்ன கொண்டாந்திருக்கான்னு பாருங்க.”

“கையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்க ஆத்தாவ ஒங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும்னு கேக்க வந்திருக்கேன்.”

அவன் சிரித்தான், அச்சிரிப்பில் ஈரம் இல்லை. ராதாமணி குட்டியைக் கீழே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். உமாராணியின் முகத்துக்கு நேரே நின்று, தாழ்ந்த குரலில் கேட்டாள்: “எம் புருசன் அவளக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் செத்தாவ. அவளக் கழுவி எடுத்துட்டுப் போனாவளா, ரெத்தத்தோட எடுத்துட்டுப் போனாவளா? இத்தன வருசமா எனக்கு அதுதான் தெரியணும்.”

உமாராணியால் பொய் சொல்ல இயலவில்லை. “ரெத்தத்தோடதான், அக்கா. நான் பாத்தேன்.”

 ஆட்டுமணிகள் எங்கோ ஒலித்தன. பின்பு ராதாமணி தன் கொழுந்தனை நோக்கித் திரும்பி, “இவ பொய் சொல்லல. கேப்போம்” என்றாள். உமாராணியிடம் அவள் விதித்தது ஒன்றே ஒன்று. “எப்பிடி எடுத்துட்டுப் போனீங்களோ, அப்பிடியே கொண்டாந்து வைங்க. சாயம் பூச வேண்டாம், புதுசு பண்ண வேண்டாம். ஒரு கீறல் கூடாது. அப்பிடி வந்தா ஓட்டும் உண்டு, ஒங்க ஊருத் தோட்டத்துல திரும்பக் கிடையும் உண்டு.”

வெறும் பீடத்தின்மேல் சூடம் ஏற்றப்பட்டது. உமாராணி வலக்கையால் அச்சுடரை அணைத்து ஆணையிட்டாள். தன் சிற்றரசர்களிடம் எசரத்தோன் வாங்கிய உறுதிமொழிகளிலே, சொல் தவறினால் மேலே வானம் செம்பாகுக, கீழே நிலம் இரும்பாகுக என்றெல்லாம் நீளும் வசைமொழிகளை அவள் எத்தனையோ முறை படித்திருந்தாள். படிக்கையில் எல்லாம் அவை வெறும் சொற்களாகவே இருந்தன. இன்று உள்ளங்கை சுட்டபோது அவற்றின் எடை அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலையே தம்பியிடம் தொலைபேசியில் நிபந்தனையைச் சொன்னாள். “சரிக்கா, சரிக்கா, நான் பாத்துக்கிடுதேன்” என்றான் அவன். கிட்டங்கிக்குச் சென்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணினாள், தேர்வுத் தாள்கள் குவிந்திருந்தன, எண்ணியதோடு நின்றாள்.

குறித்த வெள்ளிக்கிழமை காலையில், வாழையும் மாவிலையும் கட்டிய உழவுந்திலே, செம்பட்டுப் போர்த்திய பேச்சி, மேளம் முழங்க ஓடையைக் கடந்தாள். வண்டிக்கு முன்னே உமாராணி வெறுங்காலோடு நடந்தாள். வண்டியின்மேல், கூப்பிய கைகளோடு பாண்டிராஜ் நின்றான். அவன் தோழன் அருண்பாண்டியன் வண்டியை ஓட்டினான். பின்னே இருபது இளைஞர்கள் வந்தார்கள். கருத்தையா வரவில்லை. ஈச்சங்கிடை முழுவதும் உடைமரங்களின் கீழே திரண்டிருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், முதியோர் மண்ணில் விழுந்து வணங்கினார்கள், இருபத்திரண்டு ஆண்டுகள் அடக்கி வைத்த அழுகை, கரை உடைந்த கண்மாய்போல் அங்கே பெருகிற்று. தெய்வத்தை இறக்கி, வைக்கோற் படுக்கையில் நிறுத்தினார்கள். வெயிலம்மாள் என்னும் முதியவள் நீராட்டுக்குப் பால்குடத்தோடு வந்து நிற்க, ராதாமணி பட்டுப் போர்வையை விலக்கினாள்.

குலவை பாதியில் நின்றது.

பேச்சியின் திருவடிகளுக்குக் கீழே, அக்கல்லின் முன்புறத்திலே, சாணை பிடித்த உளியால் ஆழமாய் வெட்டி, வெள்ளைச் சாயம் ஊட்டி, இரண்டு வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன: ‘பொன்னங்கரிசல் கருத்தையா மகன் பாண்டிராஜ் மீட்டளித்த உபயம்.’

ராதாமணி படிக்கத் தெரிந்தவள். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவித் தடவிப் படித்தாள். கருத்தையா என்னும் பெயர் வந்ததும் விரல் நின்றது. அவள் கூச்சலிடவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி உமாராணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையின்முன், ஆணையிட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொள்வதைத் தவிர உமாராணிக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

“எங்க அண்ணன வெட்டுனவன் பேரு, எங்க ஆத்தா காலடியில” என்று சொல்லிக்கொண்டே சுந்தரபாண்டி பந்தற்கால் நடப் பயன்பட்ட கடப்பாரையைக் கையில் எடுத்தான். “தள்ளுங்க. செதுக்கி எடுத்துருதேன். அப்புறம் பீடத்துல ஏத்துவோம்.”

“எம் பேருமேல கடப்பாரைய வைக்காத” என்றான் பாண்டிராஜ். புன்னகை அவன் முகத்திலிருந்து உதிர்ந்திருந்தது.

“ஒம் பேரு இங்கன எதுக்கு?”

“நான் குடுக்கலைன்னா ஒங்களுக்கு ஏது சாமி?”

உமாராணி இருவர் நடுவிலும் பாய்ந்து, “பாண்டி, விட்ருலே. அவிய சொல்லுதது ஞாயம். நான் சத்தியம் பண்ணியிருக்கேன்லே” என்று மன்றாடினாள். அவளை அவன் தோளால் தள்ளினான். கடப்பாரை ஒருமுறை கல்லில் மோதிப் பொறி தெறித்தது. வெள்ளைச் சாயம் ஊட்டிய ஓர் எழுத்து சில்லாய்ப் பறந்தது. அவ்வளவுதான். உழவுந்தின் இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்த அரிவாள்கள் வெளியே வந்தன. அமைதி நாடி வந்தோர் அரிவாளோடு வந்திருந்தார்கள் என்பதை உமாராணி அக்கணமே அறிந்தாள்.

முதல் வெட்டு பாண்டிராஜினுடையது. சுந்தரபாண்டியின் தோள் பிளந்து, கடப்பாரை கையினின்று நழுவி விழுந்தது. இரண்டாவது வெட்டுக்கு அரிவாள் உயர்ந்தபோது உமாராணி தன் வலக்கையை நீட்டினாள். உடன்பிறந்தவன் வீசிய வீச்சு நிற்கவில்லை. கையின் மூன்று விரல்கள் பால்குடத்துக்கு அருகே மண்ணில் விழ, அரிவாள் அவற்றைக் கடந்து சென்று சுந்தரபாண்டியின் கழுத்தில் இறங்கியது. வெட்டுண்ட அடிமரம்போல் அவன் சாய்ந்தான். ஈச்சங்கிடையார் தழையறுக்கும் தொரட்டிகளோடு பாய்ந்தார்கள். கொக்கியின் வளைவு ஒன்று, இருக்கையில் இருந்த அருண்பாண்டியனின் கழுத்தை மாட்டி இழுத்தது. ஓட்டுவார் அற்ற உழவுந்து தானே பின்னோக்கி உருண்டது. விலக இயலாமல் நின்ற வெயிலம்மாள், குடத்தோடு அதன் பெருஞ்சக்கரத்தின் கீழ் மறைந்தாள். கற்கள் பறந்தன. மண்டைகள் உடைந்தன. மேளக்காரர்கள் மேளங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். உடைந்த குடத்தின் பாலும் மாண்ட மூவர் குருதியும் ஒன்றாய்க் கலந்து, கரிசலின் வெடிப்புகளில் இறங்கி மறைந்தன. அக்கலக்கத்தில் யாரோ இடறிவிடப் பேச்சி முகங்குப்புற விழுந்து கிடந்தாள். எல்லாம் முடிய ஒருவன் வெற்றிலை மென்று துப்பும் நேரம்கூட ஆகவில்லை.

பிற்பகலில் உமாராணி கோவிற்பட்டி மருத்துவமனை ஒன்றில் கண் விழித்தாள். கட்டுக்குள் இருந்த கை, இல்லாத விரல்களின் நோவால் துடித்தது. கட்டிலின் அருகே கருத்தையா அமர்ந்திருந்தார். அறுபதைக் கடந்தும் தளராத அந்த உடம்பில், இன்று ஒருவகைக் கிளர்ச்சி இருந்தது. வாயிலுக்கு வெளியே பொன்னங்கரிசல் ஆண்கள் முப்பது பேர் நெருங்கி நின்றார்கள். வண்டிகளில் எரிநெய் நிறைத்த கலங்கள் ஏற்றியாயிற்று என்று அவள் பின்னர் அறிந்தாள்.

“ஒங் கைய சுந்தரபாண்டிதான் வெட்டுனான்னு சொல்லு” என்றார் அவர், குரலைத் தாழ்த்தாமல். “ஒன்னக் காப்பாத்தப் போயித்தான் ஒந் தம்பி அருவாளத் தூக்கினான்னு ஆயிரும். அவன் வெளிய வந்திருவான். மத்தத நாங்க பாத்துக்கிடுதோம். எம் பிள்ள கைய வெட்டுன ஊரு, பொழுது அடையறதுக்குள்ள இருக்கக் கூடாது.”

“அப்பா, என்னய வெட்டுனது பாண்டி.”

“மெதுவாப் பேசு.”

அவள் மெதுவாகப் பேசவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து அமர்ந்தாள். வாயிலில் நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் நோக்கி, சொல் தெளிவாக விழும்படி சொன்னாள்: “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஈச்சங்கிடைக்காரவிய என்மேல ஒரு விரல் வைக்கல. எங் கைய வெட்டுனது எங்கூடப் பொறந்தவன். மொதல்ல வெட்டுனதும் அவன்தான். எங் கைக்காக யாரும் எங்கயும் போகாண்டாம்.”

கருத்தையா அவளை அறைந்தார். காலையில் பறந்த கல் பட்டுக் காதோரம் இட்டிருந்த தையல் பிரிந்து குருதி வடிந்தது. அவள் அதே சொற்களை மீண்டும் சொன்னாள். வாயிலில் நின்றவர்களில் அருண்பாண்டியனின் சிற்றப்பன் செல்வமாரி முதலில் தலை கவிழ்ந்தார். பின்பு தோள் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஊரை எரிக்கப் புறப்பட்டவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பெண்ணின் கை. அக்கை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெற்று வாயிலை நோக்கிய கருத்தையா, “ஒரு வயித்துல பொறந்தவன நீ தூக்குல போடுத” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து சென்றார். அதன்பின் அவர் தம் மகளோடு பேசியதே இல்லை.

மறுநாள் வாக்குமூலம் எழுத வந்த காவல் ஆய்வாளர் பொறுமையுள்ளவர். சூடம் அணைத்த ஆணையையும், பட்டுக்குள் மறைந்து வந்த எழுத்தையும், வெட்டுகளின் வரிசையையும் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முடிவில் அவள், “இன்னொண்ணும் இருக்கு சார். பேரு வெட்டுற புத்தி எங்கிட்ட இருந்துதான் அவனுக்குப் போச்சு” என்று தொடங்கி, எசரத்தோனையும் அரபு நாட்டுத் தெய்வங்களையும் பற்றிச் சொன்னாள். ஆய்வாளர் எழுதுகோலை மூடிவைத்தார்.

“அந்த ராசா கதையெல்லாம் இதுல வேண்டாம், டீச்சர். கேஸ் கெட்டுப்போகும். நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலையே.”

தவறு இல்லை என்று சட்டம் சொல்வதுபோல் கொடிய தண்டனை வேறொன்று உண்டோ என்று அவள் அன்றிரவெல்லாம் எண்ணிக் கிடந்தாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. முன்பு காணவில்லை என்றவர்களின் ஊரிலிருந்து, கண்டேன் என்று சொல்ல ஒருத்தி கூண்டில் ஏறினாள். எதிர்வழக்குரைஞர் அவள் ஒழுக்கத்தையும் அறிவையும் அரைநாள் முழுதும் குத்திக் கிளறினார். அவள் சொல் பிறழவில்லை. கூண்டுக்கு எதிரே நின்ற பாண்டிராஜ் ஒருமுறையும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தடயப் பொருள்களின் வரிசையில், கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்க, காட்டுப்பேச்சியும் ஒரு மூலையில் நின்றாள்.

வெளியே வந்தபோது, வளாகத்து வேப்பமரத்தின் அடியில் ராதாமணி தனியே அமர்ந்திருந்தாள். கணவனை இழந்தவள், பின்பு ஆதரவாய் நின்ற கொழுந்தனையும் இழந்தவள். உமாராணி அவள் முன்னே சென்று நின்றாள், அமரவில்லை. கட்டுகள் நீங்கித் தழும்பேறிய கையை இம்முறை மறைக்கவும் இல்லை.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த எழுத்து... நான் சொன்ன கதையில இருந்துதான் அவன் அத எடுத்தான். எனக்கு அப்பவே சந்தேகம் தட்டுச்சு. நான் அவனத் தடுக்கல. போயும் பாக்கல.”

ராதாமணி நிமிர்ந்து பார்த்தாள். “இத உள்ள சொல்லலையா?”

“போலீசுல சொன்னேன். எழுதிக்கிட மாட்டேன்னுட்டாவ.”

“எழுதாட்டிப் போகட்டும்.” அவள் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எனக்குத் தெரிஞ்சாச்சுல்லா. அது போதும்.”

அச்சொல்லில் பொறுத்தலும் இல்லை, வசையும் இல்லை. ஆயினும் இரண்டு ஆண்டுகளாய்த் தன் நெஞ்சுக்குள் தான் மட்டும் சுமந்த ஒன்றை, சுமக்க உரிமையுள்ள வேறொருத்தி கையேற்றுக்கொண்டாள் என்று உமாராணிக்குத் தோன்றியது. ராதாமணி திரும்பிப் பாராமல் நடந்து, விளாத்திகுளம் பேருந்து நிற்கும் இடம் நோக்கிச் சென்றாள்.

கவர்ந்ததைத் திருப்பிக் கொடுப்பது அரிய செயலே. கொடுத்தேன் என்னும் சொல்லை அதனோடு சேர்த்துக் கொடுக்காமல் இருப்பது அதனினும் அரியது. பேரரசுகளுக்கும் அது கைகூடவில்லை, பெருங்குடிகளுக்கும் கைகூடவில்லை. அதன் விலையாக, பெயர் எங்கும் பொறிக்கப்படாத எளியோர் மாள்கின்றார்கள்: பால்குடம் ஏந்தி நின்ற ஒரு முதியவள், வண்டி ஓட்ட வந்த ஓர் இளைஞன், ஆடு மேய்த்த ஒருவன். பேருந்து புறப்பட்டுச் சென்றது. அது எழுப்பிய புழுதி வேம்பின்மேலும் சாலையின்மேலும் மெல்ல மெல்லப் படியும்வரை உமாராணி அங்கேயே நின்றிருந்து, பின்பு தன் வீடு நோக்கி நடந்தாள்.